அக்கா திருத்தாமல் விட்ட நான்கு வரிகள்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு எதை எழுத வேண்டியிருந்தாலும் அது அக்காவிடம்தான் போகும். கல்யாணப் பத்திரிகை, வேலைக்கான விண்ணப்பம், பள்ளிக்கு லீவு லெட்டர் எல்லாமே அவர் கண்பட்ட பிறகுதான் வெளியே போகும். அந்த அக்காவின் முப்பதாம் நாள் நினைவு மலருக்கு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று எழுத உட்கார்ந்தபோது, முடித்ததும் வாட்ஸப்பில் அனுப்பி அக்காவை ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடலாம் என்று நினைத்துவிட்டேன். கை போன் வரை போய்விட்டது. பிறகுதான் உறைத்தது. இதில் பிழைகள் இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்த்துத் தர ஆள் இல்லை.

முகையூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், கூலி வேலை செய்து வாழ்ந்த பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். அவருக்கு ஆறு வயது இளையவன் நான். எங்களுக்கு என்று ஒரு சென்ட் நிலமும் கிடையாது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலத்தில் அம்மாவோடு அக்காவும் அடுத்தவர் கொல்லைக்காட்டுக்குக் கூலிக்குப் போவார். பள்ளி திறந்ததும் விரல் நுனியெல்லாம் மண் கறையோடு வகுப்பில் உட்காருவார். அவர் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, காலையில் கரும்பு வெட்டப் போன அப்பாவை மதியம் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பாம்பு கடித்திருந்தது; உயிர் இல்லை. வீட்டு வாசலில் அந்தக் கட்டிலை இறக்கியபோது அக்கா அழவில்லை. அப்பாவின் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் தாவணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். யாராலும் அவர் கையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

படிப்பு அத்தோடு நின்றுவிடும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா நிறுத்தவில்லை. விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்த்தார். அக்கா கேட்டது வேறு பாடம். இடம் மிச்சமிருந்தது ஆங்கில இலக்கியத்தில் மட்டும். தமிழ் வழியில் படித்தவர் அதில் போய் உட்கார்ந்தார். முதல் தேர்வுத் தாள் திரும்பி வந்தபோது அதில் சிவப்பு மை படாத வரியே இல்லை. அந்தத் தாளை வீட்டுத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு அக்கா குனிந்திருந்த காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னாடி, பெயிலா?" என்று அம்மா கேட்டார்.

"பெயிலுதாம்மா. ஆனா எப்பிடி பெயிலானேன்னு புரிஞ்சிடுச்சி" என்றார் அக்கா.

அவருக்குப் புரிந்தது இதுதான். தன் தவறுகள் கண்டபடி விழுந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தமிழ் வாக்கியம் இருந்தது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று மனதில் நினைப்பதால்தான், தேவையே இல்லாத இடத்தில் 'டிஸ்கஸ் அபௌட்' என்று கை எழுதுகிறது. 'எனக்குத் தம்பி இருக்கிறான்' என்பதில் வரும் 'இருக்கிறான்' உள்ளே புகுந்துகொள்வதால்தான் 'ஐ ஹேவ்' என்று முடிய வேண்டியது 'ஐ ஆம் ஹேவிங்' என்று நீள்கிறது. ஏழாம் வகுப்பில் இருந்த எனக்கு அன்று அது விளங்கவில்லை. "தப்பு பண்றவன் முட்டாள் இல்லடா. தமிழ்ல யோசிச்சிக்கினு இங்கிலீஷ்ல எழுதறான், அவ்ளோதான்" என்று அவர் சொன்னது மட்டும் மனதில் நின்றது.

பட்டம் வாங்கியதும் புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதி அனுப்பும் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன் படித்து, ஆங்கிலப் பிழைகளைத் திருத்தும் வேலை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று பார்க்கும் வேலைதான். அன்று எங்கள் ஊரில் அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. "வெள்ளக்காரன் எழுதனத இவ திருத்துறாளாம்" என்று சிலர் சிரித்தார்கள். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வரும் என்றால், திருத்துகிறவர் தன் விருப்பத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 'நீங்கள் சொல்ல வந்தது இதுவா, அதுவா?' என்று எழுதியவரிடமே கேட்க வேண்டும். அக்கா அந்த விதியை அலுவலகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

திருமணமாகித் திண்டிவனத்துக்குப் போனார். மாமா பள்ளி வேன் ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். திண்டிவனத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பேருந்தில் போய் வந்த அக்கா, கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். பாப்பா பிறந்தாள். இத்தனை ஆண்டுகளில் பேச்சில் யாருடைய ஆங்கிலத்தையும் அக்கா திருத்தி நான் பார்த்ததில்லை. ஒரு காதணி விழாவில் எங்கள் சித்தப்பா "மை வொய்ஃப் டிட்ன்ட் கேம்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, அக்கா நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு, "சரியாம்மா நான் சொன்னது?" என்று கேட்டார். "நல்லாப் புரிஞ்சிச்சி சித்தப்பா. சித்திக்கு உடம்பு எப்பிடிக்கீது?" என்றார் அக்கா. சித்தப்பா இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம். உங்களை மதித்துத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

இனி எழுதப் போவது உறவினர்களில் சிலருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாக இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா இல்லாத இந்த நேரத்தில் சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே மாட்டேன்.

நான் வளைகுடா நாடு ஒன்றில் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். சரக்குப் பெட்டிகளைத் தூக்கி உயரமான அடுக்குகளில் வைக்கும் வண்டி அது. ஒரு நாள் மதியம் நான் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிடங்குப் பக்கம் கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், எங்களோடு வேலை பார்த்த நேபாளத்துத் தோழர் ஒருவர் பெரிய பெட்டிக்குக் கீழே கிடந்தார். வண்டி பக்கத்தில் நின்றது; அதில் யாரும் இல்லை. காலையில் ஒரே அடுப்பில் அவர் எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்திருந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

அன்று மாலை காவலர்கள் வந்து எல்லோரிடமும் தாள் கொடுத்து, யார், என்ன வேலை, என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். வேண்டுமானால் இந்தியில் சொல்லலாம், ஆள் இருக்கிறார் என்றார்கள். எனக்கு இந்தி வராது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

'ஐ ஆம் லிவிங் இன் கம்பெனி ரூம். ஐ ஆம் ஹேவிங் ஒன் சிஸ்டர். ஐ ஆம் டிரைவிங் தி ஃபோர்க்லிஃப்ட். தட் டைம் பாக்ஸ் ஃபாலிங் ஆன் ஹிம்.'

சில நாள் கழித்து என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அரபியில் அச்சடித்த ஒரு தாளின் நகலைக் கையில் கொடுத்து, வழக்கு உன் மேல் என்று சைகையோடு சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஊரில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த கோட்டக்குப்பத்துப் பாய் ஒருவரை அறைத் தோழர்கள் காட்டினார்கள். விசாவுக்கும் வழக்குக்கும் அரபியில் மனு அடித்துத் தருபவர். பாய் தாளை வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நீயேவா இப்பிடி எழுதிக் குடுத்த?"

"எப்பிடி பாய்?"

"நான் வண்டி ஓட்டிக்கினு இருந்தேன், அப்ப பெட்டி அவர் மேல வியுந்துச்சின்னு போட்டிருக்குதே. பெரிய பேஜாருல மாட்டிக்கினியேப்பா."

நான் எழுதியது என் வேலை என்ன என்பதை. நான் வண்டி ஓட்டுகிறவன் என்பதை. அவர்கள் மொழிபெயர்த்தது, அந்த நேரத்தில் நான் வண்டியில் இருந்தேன் என்று. ஓர் உயிர் போன பழி, என் சொந்தக் கையெழுத்தோடு என் தலையில் இருந்தது.

"உங்க வூட்டுல இங்கிலீஷ் படிச்சவங்க யாராச்சும் இருந்தா ஜல்தி போன் போடு" என்றார் பாய்.

நான் எழுதிய தாளின் நகலும் அந்தக் கட்டோடு இருந்தது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு, போன் செய்து அழுதேன். அக்கா என்னை அழ விட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூணாவது வரியில நீ சொல்ல வந்தது இன்னாடா? உன் வேலைய சொன்னியா, அன்னிக்கி நடந்தத சொன்னியா?"

"வேலையதாங்க்கா சொன்னேன்."

"அப்ப நீ எங்க இருந்த?"

"கேன்டீன்ல சாப்ட்டுக்கினு இருந்தேன்."

"அத ஏன்டா எழுதல?" என்றார்.

"யாரும் கேக்கலியேக்கா. க்கா, நீ இத கரெக்ட் பண்ணி அனுப்புக்கா. பழச வாங்கிக் கிழிச்சிட்டு புதுசா எழுதிக் குடுத்துடறேன்."

"தொடாத!" என்று அக்கா கத்தினார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "ஒரு எழுத்து மாத்தக்கூடாது. அத்தன தப்பும் அப்பிடியே இருக்கட்டும். இப்ப மாத்தினா பயந்துக்கினு கதைய மாத்தறான்னு சொல்லுவாங்க. இந்தத் தப்புதான்டா உன்ன காப்பாத்தணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாழ்நாள் முழுவதும் பிழை திருத்திப் பிழைத்தவர், என் உயிரே தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பிழையைத் தொடாதே என்கிறாரே என்று அதிர்ந்துபோய் நின்றேன்.

மறுநாள் காலை அக்காவின் ஒரு பக்கக் கடிதம் வந்தது. பாய் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். கடிதம் யாரையும் குற்றம் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. இந்த மனிதர் எழுதிய முதல் மூன்று வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. என்றைக்கும் உள்ளதைச் சொல்லவும் இவர் அந்த நேரத்தில் நடப்பதைச் சொல்லும் வடிவத்தையே எழுதுகிறார். தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் அடிக்கடி செய்யும் தவறு இது. மூன்றாம் வரி விபத்து நேரத்தைச் சொல்கிறது என்றால், இரண்டாம் வரிப்படி அந்த நேரத்தில் மட்டும் இவருக்கு ஓர் அக்கா இருந்தார் என்றாகும். இவருடைய அக்கா நான். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறேன். ஆகவே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்து, அப்போது நீ எங்கே இருந்தாய் என்று இவரைக் கேளுங்கள். அந்தக் கேள்வி இதுவரை கேட்கப்படவில்லை. இவ்வளவுதான் கடிதம்.

பாய் அதை அரபியில் அடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு போய் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதிகாரி இரண்டு முறை படித்தார். அடுத்த வாரம் இலங்கைத் தமிழர் ஒருவரை மொழிபெயர்ப்பாளராக வைத்து என்னை உட்கார வைத்தார்கள். அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "உனக்கு இப்போதும் ஓர் அக்கா இருக்கிறாரா?"

"இருக்காங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். அதே கேள்வியை இன்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் கேன்டீன் கேமராவைப் பார்த்தார்கள். சாப்பாட்டுத் தட்டோடு நான் அதில் உட்கார்ந்திருந்தேன். நானே ஒப்புக்கொண்டதாகத் தாள் இருக்கும்போது கேமராவை யார் போய்ப் பார்ப்பார்கள்? ஓட்டத் தெரியாத ஓர் உதவியாளரை மேற்பார்வையாளர் அவசரத்துக்கு வண்டியில் ஏற்றியிருக்கிறார் என்பது பிறகு வெளியே வந்தது. அந்த உதவியாளரும் என்னைப் போலக் குடும்பத்தை விட்டு வந்த ஏழைதான். அவரை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருவதில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஊருக்குக் கிளம்பினேன்.

திண்டிவனத்தில் இறங்கியபோது அக்காவும் மாமாவும் நின்றிருந்தார்கள். ஓடிப்போய்க் காலில் விழலாம் என்றிருந்தேன். அக்கா கையில் இருந்த பையால் என் தோளில் ஓங்கி அடித்தார். "கேன்டீன்ல இருந்தேன்னு ஒரு வரி எழுத உனக்கு இன்னாடா கேடு!" பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது. இன்னும் இரண்டு அடி. பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று போனில் என்னிடம் அவ்வளவு உறுதியாகப் பேசிய அக்கா, போனை வைத்ததும் வாந்தி எடுத்து மயங்கி விழுந்ததை மாமாதான் பிற்பாடு சொன்னார். கடிதத்தை எழுதி முடிக்கும் வரை ஒரு வாய் தண்ணீர் கூட இறங்கவில்லையாம். இதை என்னிடம் சொல்லக்கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

நான் திரும்பிப் போகவில்லை. விழுப்புரத்தில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறேன். அம்மா என்னோடு இருக்கிறார். அக்கா விடுமுறை நாட்களில் வருவார். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. கடைசி வாரத்தில் தலை வலிப்பதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்பதால் கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார்.

அன்று அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போவதற்காக அக்கா வருவதாக இருந்தது. "பஸ் ஏறிட்டன்டா" என்று காலையில் போன் செய்தார். நான் விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஆட்டோவை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். மறுபடியும் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "எங்கக்கா வர்ற?" என்றேன். வேறு ஒரு பெண்ணின் குரல்.

"நீங்க தம்பிங்களா? இந்த போன்ல தம்பின்னு போட்டிருந்திச்சி. நான் கூட்டேரிப்பட்டுலருந்து பேசறேன். இந்தம்மா தல வலிக்குதுன்னு பஸ்ஸ வுட்டு எறங்கனாங்க. மயக்கமாயிட்டாங்க. ஆம்புலன்ஸ் வந்துகினுகீது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க, சீக்கிரம் வந்துடுங்க!"

நான் மருத்துவமனை வாசலில் நின்றேன். ஆம்புலன்ஸ் வந்தது. கதவு திறந்தது. இறக்கியவர்கள் யாரும் அவசரப்படவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு முன்பு பஸ் ஏறிவிட்டேன் என்று சொன்னவர். அம்மாவுக்கு எப்படிச் சொன்னேன், யார் மாமாவுக்குச் சொன்னார்கள், எதுவும் எனக்கு நினைவில்லை. இந்த முப்பது நாளில் பலமுறை யோசித்தும் அந்தப் பகல் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இந்தத் துயரத்தில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், எங்கள் தெரு ஜெபக் குழுவான அன்பியத்தாருக்கும் நன்றி. வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு நாள் எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்த அக்காவின் அலுவலகத் தோழிகளுக்கு நன்றி. மாமாவின் வேனைத் தாமே மாறி மாறி ஓட்டிக்கொண்ட சக ஓட்டுநர்களுக்கும், பாப்பாவை ஒரு வேளையும் தனியாகச் சாப்பிட விடாத திண்டிவனத்துப் பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. கோட்டக்குப்பத்திலிருந்து பாயின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். பாய் அங்கிருந்து போன் செய்து அழுதார். அவருக்கும் நன்றி.

போன வாரம் நான் கூட்டேரிப்பட்டுக்குப் போனேன். எனக்குப் போன் செய்த அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தேன். மேம்பாலத்துக்குக் கீழே கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்பவர். தன் புடவைத் தலைப்பை நனைத்து அக்காவின் நெற்றியில் போட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை மடியில் வைத்திருந்தவர் அவர்தான். நான் இன்னார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் தம்பி. அவங்க போன தொறந்து என் கையில குடுத்து, 'தம்பி வெயில்ல நிக்கறான், கொஞ்சம் லேட்டாவும்னு மட்டும் சொல்லுங்க'ன்னாங்க. அதுக்குள்ள கண்ணு சொருகிடுச்சி. நான் பதட்டத்துல அத சொல்லாம வுட்டுட்டேன்."

அந்த அம்மா கூடையை நகர்த்தி, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் என்னை உட்கார வைத்தார்.

அந்த அம்மாவை இன்றைய முப்பதாம் நாள் திருப்பலிக்கு அழைத்திருக்கிறோம். முன்வரிசையில் எங்கள் அம்மாவின் பக்கத்தில் இருப்பார். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. இந்த மலரைக் கையில் வாங்கிய நீங்கள், போவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.